தேதியை மாற்றிக்கொள்ளலாம்

அத்தியாயம் 11

ஐந்தரை மணிக்கு ஷூ கயிற்றைக் கட்டி முடித்த பிறகுதான் ஜெமேலிக்கு நினைவு வந்தது. எங்கும் போக வேண்டியதில்லை.

பன்னிரண்டு வருஷப் பழக்கம். கால் தானாக எழுந்துகொள்கிறது, கை தானாக முடிச்சுப் போடுகிறது. அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு வெளியே செம்மண் சாலையில் ஓட்டக் குழு கடந்து போயிற்று. நாற்பது ஜோடிக் கால்கள். சத்தத்தை வைத்தே யார் யார் என்று அவளால் சொல்ல முடியும். இடது காலை லேசாக இழுத்து வைப்பவன் துவெய். இரண்டடி முன்னால் சரசரவென்று போவது போன மாதம் சேர்ந்த புதுப் பெண். கேட்டருகே வந்ததும் யாரோ வழக்கம்போல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்கள். வர்றியா என்று அர்த்தம். பத்து நாளாகத் தட்டுகிறார்கள். இடுப்பு இன்னும் சரியாகவில்லை என்று பத்து நாளாக அவள் பொய் சொல்லி அனுப்புகிறாள்.

அழுகை வரும் என்று முதல் இரண்டு நாள் காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் மருந்து ஏற்றிய ஈறு போல எல்லாம் தடித்துக் கிடந்தது. தொட்டால் தெரிந்தது, ஆனால் தன்னுடையது என்று தோன்றவில்லை.

பத்து நாள் முன்னால் வந்த கடிதத்தில் இருந்த விஷயம் சுருக்கமானது. டிசம்பர் ஏழாம் தேதி ஸ்பெயினில் ஓடிய மாரத்தானில் நான்காவதாக வந்தாளே, அன்று கொடுத்த சிறுநீரில் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை எந்தப் போட்டியிலும் ஓடக் கூடாது. வேண்டுமானால் அதே சிறுநீரை அடைத்து வைத்த இரண்டாவது பாட்டிலையும் சோதிக்கச் சொல்லலாம், அது அவள் உரிமை. விளக்கம் சொல்ல எல்டொரெட் நகரிலுள்ள ஊக்கமருந்துத் தடுப்பு அலுவலகத்துக்கு வர வேண்டும். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு.

மருந்து எப்படி உடம்புக்குள் போயிற்று என்று மண்டையைக் குடைந்துகொள்ளத் தேவையில்லை. அக்டோபர் இருபத்தேழாம் தேதி இடுப்பு வலி தாங்க முடியாமல், தங்கை செலகாட் வேலை பார்க்கும் மருந்துக்கடையின் பின்னறையில் போட்டுக்கொண்ட ஊசி. அது ஜெமேலிக்குத் தெரியும், செலகாட்டுக்குத் தெரியும், ஜெமேலியின் கணவன் கிமாயோவுக்குத் தெரியும். இந்த இடென் ஊரில் நான்காவது ஆளுக்குத் தெரியாது.

கிமாயோ சாய் தம்ளரோடு உள்ளே வந்தான். அக்குளில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"குடி. குடிச்சிட்டு இதைப் படி."

"என்ன இது?"

"நம்ம ரெண்டு பேரோட உசுரு."

எல்டொரெட்டில் ஏதோ ஒரு மருத்துவமனையின் பெயர் தலைப்பில் அச்சாகியிருந்தது. கீழே நீல முத்திரை, ஒரு டாக்டரின் கிறுக்கல் கையெழுத்து. நோயாளி கீழே விழுந்து அடிபட்ட நிலையில் அக்டோபர் இருபத்தேழு மாலை சேர்க்கப்பட்டார். இருபத்தொன்பது மத்தியானம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வலிக்காக இன்ன மருந்து ஊசியாகப் போடப்பட்டது.

ஜெமேலி இரண்டு முறை படித்தாள்.

"நான் எப்ப விழுந்தேன்?"

"காட்டுப் பாதையில. நீளமா ஓடின அன்னிக்கு. வேர் தடுக்கி."

"எந்தக் கால்?"

அவன் காகிதத்தை எட்டிப் பார்த்தான். "வலது."

"எனக்கு வலிச்சது இடது இடுப்பு."

"வலது கால் தடுக்கினா இடது பக்கமாத்தானே விழுவாங்க? இதெல்லாம் ஒரு கேள்வியா! டாக்டர் அவசரத்துக்குப் போட்டதுன்னா அனுமதியை அப்புறமாக்கூட கேட்டு வாங்கலாம். விதியிலேயே இருக்கு. நாலு நாளா உட்கார்ந்து படிச்சிருக்கேன்."

"இந்த டாக்டர் யாரு?"

"இருக்கார். இப்ப ஊர்ல இல்ல."

"செலகாட்?"

"அவ பேர் வெளிய வரக் கூடாதுன்னுதானே நான் இந்த அலை அலையறேன்! ஊசி போடற உரிமை அவளுக்குக் கிடையாது, தெரியுமில்ல? நீ அவ பேரைச் சொன்ன அடுத்த நிமிஷம் கடையில பூட்டு விழும். உன் கூடப் பொறந்தவடி அவ. கொஞ்சம் யோசி."

அவன் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. கிமாயோ எப்போதும் இப்படித்தான், எல்லாவற்றையும் யோசித்து வைத்திருப்பான். நல்ல ஓட்டக்காரனாக இருந்தவன். கல்யாணமான மறுவருஷம் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு இவளுக்கு முன்னால் ஓடி வேகம் காட்டத் தொடங்கினான். அப்புறம் கோச் ஆனான், அவளுடைய ஈமெயில் ஆனான், விமான டிக்கெட் ஆனான். ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் வந்தால் எங்கே இருப்பாள் என்று தினமும் போனில் பதிய வேண்டிய ஒரு மணி நேரத்தைக்கூட அவன்தான் பதிவான். அவள் ஓடினால் போதும்.

"சரி," என்றாள்.

"எங்க, ஒரு தடவை சொல்லு பார்ப்போம். எப்ப சேர்ந்தே?"

"இருபத்தேழு சாயங்காலம்."

"எப்ப வெளிய வந்தே?"

"இருபத்தொன்பது மத்தியானம்."

"அவ்வளவுதான். அழுதா இன்னும் நல்லது." அவள் முகத்தைப் பார்த்தான். "பத்து நாளா மரக்கட்டை மாதிரி இருக்கியே. அங்கயும் அப்படி உட்காராதே, திமிர்னு நினைப்பாங்க. நான் டயரைப் பார்த்துட்டு பன்னண்டு மணிக்கு வர்றேன்."

அவனுடைய ப்ரோபாக்ஸ் கார் கேட்டைத் தாண்டிப் போனது.

அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், அணைக்கத் தோன்றவில்லை. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கை நீண்டது.

அடையாள அட்டையை எடுக்க இரும்புப் பெட்டியைத் திறந்தாள். போட்டிகளில் நெஞ்சில் குத்திக்கொண்ட எண் துணிகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை. சோதனைக்காரர்கள் ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் தரும் படிவத்தின் கார்பன் நகல்கள். மொத்தம் பதினான்கு. கேட்டால் காட்டலாம் என்று எண்ணித் தேதி வரிசையில் அடுக்கினாள்.

ஒன்பதாவது தாளில் கை நின்றது.

அக்டோபர் இருபத்தெட்டு. காலை ஐந்து ஐம்பது. இடம்: வீடு.

அந்த விடியற்காலை மெல்ல அவளுக்கு ஞாபகம் வந்தது. முந்தின நாள் போட்ட ஊசியின் பிளாஸ்திரி இன்னும் இடுப்பில் இருந்தது. கதவைத் தட்டிய இரண்டு பேரில் பெண் அதிகாரி கழிப்பறை வரை கூட வந்தாள், கதவைத் திறந்தே வைக்கச் சொன்னாள். அப்புறம் கூடத்து மேஜையில் உட்கார்ந்து, கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

வாசல் நிலையில் சாய்ந்திருந்த கிமாயோ முந்திக்கொண்டான். "பாராசிட்டமால். இரும்புச் சத்து. வேற ஒண்ணுமில்ல."

ஜெமேலி அவனைப் பார்த்தாள். அப்புறம் அதையே எழுதினாள். எழுதியது அவள் கை, கையெழுத்தும் அவளுடையது.

இப்போது அந்தத் தாளையும் மருத்துவமனைக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றின்படி அவள் எல்டொரெட்டில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள். இன்னொன்றின்படி, அதே காலையில் இந்த வீட்டில் உட்கார்ந்து பாட்டிலுக்கு மூடி போடுகிறாள்.

பயம் வர வேண்டும். அதுவும் வரவில்லை. எல்லாத் தாளையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு சாலைக்கு வந்து, கண்ணில் பட்ட முதல் போடா-போடா பைக் டாக்ஸியில் ஏறினாள்.

*

செலகாட் கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மூடியில அளந்து குடிங்க, தாத்தா. பாட்டிலோட வாயில வைக்கக் கூடாது."

"மூடி சின்னதா இருக்கே."

"இருமலும் சின்னதுதான், போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அக்காவைப் பார்த்ததும் செலகாட்டின் முகத்தில் இருந்த சிரிப்பு உதிர்ந்தது.

"இன்னிக்குத்தானே? ரெண்டு மணிக்குத்தானே?"

"ம்."

"உள்ள வா. பத்து நாளா வாசல்ல நிழல் விழுந்தாலே போலீஸ்னு நினைச்சுக்கறேன். நேத்து சோப்பு விக்க வந்தவனைப் பார்த்துக் கும்பிட்டேன்."

பின்னறையில் அதே பெஞ்சு. ஜெமேலி அதில் உட்காராமல் நின்றபடியே காகிதத்தை நீட்டினாள். செலகாட் படித்தாள். 

"யார் பண்ணினது?"

"அவர்தான். உனக்காக."

"எனக்காகவா?" செலகாட் சட்டென்று நிமிர்ந்தாள். "அவர் சொன்னாரா அப்படி?"

"நீதானே ஊசி போட்டே."

"போட்டது நான்தான், இல்லேங்கல. மருந்தைக் கொண்டு வந்தது யாரு?"

ஜெமேலி அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். அன்று அவள் குப்புறப் படுத்திருந்தாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மருந்து என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அந்த மருந்து எங்க கடையில கிடையவே கிடையாது, அக்கா. அத்தான் சட்டைப் பையில இருந்து எடுத்துக் கொடுத்தார். நான் லேபிளைப் படிச்சேன். படிச்சிட்டு, 'ஸ்டீராய்டு போட்டிருக்கே அத்தான், ரேஸுக்கு ஆகுமா'ன்னு கேட்டேன். உன் தலைக்கு மேலேயே நின்னுதான் கேட்டேன், உனக்குக் காதுல விழல. 'ரேஸ் அன்னிக்குத்தான் கூடாது. நாற்பத்தோரு நாள் இருக்கு, அதுக்குள்ள கரைஞ்சிடும்'னார். நானும் நம்பினேன். அவருக்குத் தெரியாத விதியான்னு..."

அவள் நிறுத்தினாள். "உனக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது ஜெமேலியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ வழி கேட்டதற்குப் பதில் சொன்னது போல் இருந்தது. செலகாட்டுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அக்கா, திட்டேன் என்னை. ஏதாவது சொல்லேன்."

"இந்தக் காகிதத்தைக் கொடுக்கப் போறதில்ல. உண்மையைச் சொன்னா உன் பேரும் வரும். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

செலகாட் மேஜையில் கிடந்த பஞ்சுச் சுருளைப் பிரித்தாள், சுற்றினாள், மறுபடி பிரித்தாள். இருபத்தாறு வயசு. இந்த வேலை கிடைக்க இரண்டு வருஷம் அலைந்தவள்.

"வேலை போயிடும்," என்றாள் கடைசியில்.

"ம்."

"முதலாளிக்கும் சிக்கல் வரும். அவருக்குத் தெரியாமத்தான் போட்டேன்."

"ம்."

"இப்படி ம், ம்னா நான் என்னத்தைச் சொல்றது!" பஞ்சை விட்டெறிந்தாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நானும் வர்றேன். நீ தனியா போனா அத்தான் வாய்தான் பேசும், உன் தலை ஆடும். என் வாயால நானே சொல்லிக்கறேன்."

*

ஜெமேலி போனில் சொன்னதால் பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலுக்கே வந்து நின்ற கிமாயோ, இரண்டு பேரைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினான்.

"இவ எதுக்கு?"

"துணைக்கு, அத்தான்," என்று சொல்லிக்கொண்டே செலகாட் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

கார் ஊரைத் தாண்டியது. வலது பக்கம் மக்காச்சோள வயல்களும் இடது பக்கம் மரம் அறுக்கும் பட்டறையும் பின்னால் போயின. எதிரே பயிற்சி முடித்துத் திரும்பும் நாலு பையன்கள் காரை அடையாளம் கண்டு கையை ஆட்டினார்கள். கிமாயோ ஹாரன் அடித்தான்.

ஜெமேலி சொன்னாள். "அக்டோபர் இருபத்தெட்டு காலையில சோதனைக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க."

"எந்த அக்டோபர்?"

"போன அக்டோபர். ஊசி போட்ட மறுநாள். ஆஸ்பத்திரியில இருந்ததா நீங்க எழுதியிருக்கிற நாள்."

அவன் காரைச் சாலையோரம் இறக்கி நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். அவள் கொடுத்த கார்பன் நகலை வாங்கி ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

அவன் என்ன சொல்லப் போகிறான் என்று ஜெமேலி காத்திருந்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவளுக்குள் ஏதோ ஒன்று காது கொடுத்துக் கேட்டது.

"நல்ல வேளை," என்றான் கிமாயோ. பெருமூச்சு விட்டான். "நல்ல வேளை இப்பவாவது பார்த்தே. தேதியை மாத்திக்கலாம்."

கார்பன் நகலில் இருந்த தேதியை விரலால் தட்டினான்.

"முப்பதாம் தேதி சேர்ந்தேன்னு போட்டுக்கலாம். அதே ஆள்தான், எல்டொரெட்லதான் இருக்கான். போற வழியில பத்து நிமிஷ வேலை. முத்திரை அவன்கிட்ட இருக்கு."

பின் சீட்டிலிருந்து செலகாட் கேட்டாள். "அத்தான், டாக்டர் ஊர்ல இல்லன்னீங்களாமே?"

"நீ சும்மா இரு."

"மருந்தை நீங்கதானே கொண்டு வந்தீங்க? அதை ஏன் அக்காகிட்ட சொல்லல?"

"உன்னைச் சும்மா இருன்னேன்!" அவன் திரும்பிய வேகத்தில் இருக்கை கிறீச்சிட்டது. அப்புறம் குரலைத் தணித்து ஜெமேலியிடம் பேசினான். "இங்க பாரு. கணக்கு தப்பிப் போச்சு. ஒத்துக்கறேன். நாற்பது நாள் போதும்னு ரெண்டு பேர் சொன்னாங்க, நம்பினேன். உனக்கு வலி தாங்கல. ரேஸ் வேற பக்கத்துல வந்துடுச்சு. நான் பார்த்துட்டுச் சும்மா நிக்கணுமா? என் ஓட்டத்தையே உனக்காக விட்டவன் நான்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவளுக்குக் கோபம் இல்லை. அவன் பொய் சொன்னதுகூட இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவன் முகத்தில் தெரிந்த அந்த நிம்மதிதான் உறுத்தியது. எழுத்துப் பிழையைத் திருத்துகிற மாதிரி ஒரு நிம்மதி. அவள் எந்த நாளில் எங்கே இருந்தாள், எந்தப் பக்கம் வலித்தது, எதில் தடுக்கி விழுந்தாள் என்று எல்லாமே அவன் போட்டு அவன் அழிக்கிற விஷயங்கள்.

மருத்துவமனைக் காகிதத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கார்பன் நகலை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போறே?"

"ரெண்டு மணிக்குப் போகணும்ல."

"ஜெமேலி! ஏய், கார்ல ஏறு!"

எல்டொரெட் போகும் மட்டாட்டு வேன் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. செலகாட் நடு ரோட்டுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்று அதை நிறுத்தினாள்.

*

விசாரணை அதிகாரியின் பெயர் நெகேசா. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினாள். மேஜைமேல் ஒரு ஒலிப்பதிவுக் கருவி, தண்ணீர் ஜாடி, ஒரு தடித்த கோப்பு.

"கணவர் வரலையா?"

"வெளிய இருக்கார்." மட்டாட்டுக்குப் பின்னாலேயே ப்ரோபாக்ஸும் வந்திருந்தது. இந்த அறையின் ஜன்னலில் நின்றால் தெரியும்.

"மருந்து உடம்புக்குள்ள போனது எப்படின்னு சொல்றதுக்கு முன்னால ஒண்ணு புரிஞ்சுக்கங்க," என்றாள் நெகேசா. "உங்க உடம்புல என்ன இருந்தாலும் பொறுப்பு உங்களோடது. யார் கொடுத்தா, தெரிஞ்சு எடுத்தீங்களா, தெரியாம எடுத்தீங்களாங்கிறது தண்டனை எவ்வளவுங்கிறதுக்கு உதவும். தப்பு நடந்துச்சா இல்லையாங்கிற கேள்விக்கு உதவாது. புரியுதா?"

"புரியுது."

"சரி. மருத்துவமனைச் சீட்டு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செலகாட் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இல்ல," என்றாள் ஜெமேலி. "நான் ஆஸ்பத்திரிக்கே போகல."

நெகேசா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க நிறையப் பேர் சீட்டோடதான் வருவாங்க. நாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டுவோம். பேர் இருக்காது. ரெண்டு வருஷத்துல முடிய வேண்டிய தடை ஆறு, எட்டுன்னு போயிடும். பொய்ச் சீட்டு தனிக் குற்றம். சொல்லுங்க, எப்படி?"

ஜெமேலி சொன்னாள். அக்டோபர் இருபத்தேழு, பின்னறை, பெஞ்சு, ஊசி. யார் போட்டது என்று கேட்டபோது அவள் வாயைத் திறப்பதற்குள் செலகாட் கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"நான்தான் மேடம். மருந்து கொண்டு வந்தது அவங்க வீட்டுக்காரர். அக்காவுக்கு அது என்ன மருந்துன்னு தெரியாது."

"கேட்டீங்களா?" நெகேசா ஜெமேலியைத்தான் கேட்டாள்.

"இல்ல."

"ஏன் கேட்கல?"

"எப்பவுமே கேட்டதில்ல."

நெகேசா எழுதினாள். "வெளியே எத்தனை பேர் இதையே நினைச்சிட்டிருக்காங்க, தெரியுமா? ரேஸ் அன்னிக்குத்தான் தடை, முன்னாடி போட்டா பரவாயில்லன்னு. இந்த மருந்தை ஊசியாப் போட்டா அறுபது நாள் விடணும். நீங்க நாற்பத்தொண்ணுல ஓடியிருக்கீங்க. அந்த நாலாவது இடம் போயிடும். தடை ரெண்டு வருஷம் வரைக்கும் வரலாம், நீங்க உண்மையைச் சொன்னதால குறையவும் வாய்ப்பிருக்கு."

நாலாவது இடம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் இரண்டு பேரைத் தாண்டி எடுத்தது. ஜெமேலி அதைப் பற்றி ஏதாவது உணரப் பார்த்தாள். ஜாடியில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்து கார்பன் நகலை எடுத்து நீட்டினாள். "மறுநாள் காலையில வந்து எடுத்தாங்க. இதுல நான் ஊசியைப் பத்தி எழுதல. அதுவும் தப்புதான்."

நெகேசா தாளைப் படித்தாள். பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டாள்.

"பாராசிட்டமால். சரி. இரும்புச் சத்து. மாத்திரையா, டானிக்கா?"

"ஊசி."

செலகாட் திரும்பிப் பார்த்தாள். "எந்த ஊசி? நான் போடலையே."

"நீ இல்ல. அவர்தான் போடுவார், வீட்டுல. வாரத்துக்கு ரெண்டு தடவை, சாயங்காலம்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா இருக்கும். பெரிய ரேஸ் வர்றப்ப."

செலகாட் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் குரல் கடையில் நோயாளிகளிடம் பேசும் குரலாக மாறியது. "அக்கா, அந்த மருந்து என்ன நிறம்?"

"நிறமா? தண்ணி மாதிரி இருக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தண்ணி மாதிரியா?"

"ஆமா. சின்ன பாட்டில். ஃப்ரிட்ஜில ஒரு ஃபிளாஸ்குக்குள்ள ஐஸ் போட்டு வச்சிருப்பார். கரண்ட் போனா சூடு பட்டுக் கெட்டுப் போயிடும்னு."

செலகாட் நெகேசாவைப் பார்த்தாள். நெகேசா எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"இரும்பு ஊசி கறுப்பா இருக்கும், அக்கா," என்றாள் செலகாட் மெதுவாக. "பால் விடாத சாய் மாதிரி. அதை யாரும் ஐஸ்ல வைக்க மாட்டாங்க."

அறையில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

நெகேசா கோப்பைப் புரட்டி ஒரு எண்ணைக் கார்பன் நகலோடு ஒப்பிட்டாள். "நாங்க எடுக்கிற பாட்டிலைத் தூக்கிப் போட மாட்டோம். பத்து வருஷம் குளிர்ல வைக்கலாம். அக்டோபர் இருபத்தெட்டு பாட்டில் பத்திரமா இருக்கு. அன்னிக்கு எல்லாச் சோதனையும் பண்ணல. இப்ப மறுபடி திறந்து பார்க்கச் சொல்லுவேன். உங்க பழைய ரத்தக் கணக்கையும் எடுத்து, சிவப்பணு திடீர்னு கூடியிருக்கா இல்லையான்னு பார்ப்போம்."

"அதுல என்ன இருக்கும்?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும்."

"எனக்குத் தெரியாது," என்றாள் ஜெமேலி. இன்று இரண்டாவது தடவை.

முழங்கை மடிப்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். இரண்டு வருஷமாக ஊசி ஏறிய இடம். அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை.

நெகேசா வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றே முக்காலுக்கு வெளியே வந்தார்கள்.

கிமாயோ காரின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"உங்க பேரையும் சொன்னேன்."

அவன் தலையில் கையை வைத்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டவில்லை. கண்கள் கலங்கியிருந்தன, நிஜமாகவே. ஒரு நொடி அவனுக்காக ஏதோ அசைந்தது போலிருந்தது, நின்றுவிட்டது.

"அந்த இரும்பு ஊசி," என்றாள். "அது என்ன?"

"எந்த..."

"ஃபிளாஸ்குல இருக்கிறது."

கலங்கிய கண்கள் அப்படியே நின்றன. பிறகு அவன் கதவைத் திறந்தான். காரில் ஏறினான், சாவியைத் திருகினான். ஜன்னல் கண்ணாடியைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி ஏற்றினான். வண்டி சாலையில் திரும்பியது. இடென் போகும் பக்கம்.

செலகாட் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, அவர் வீட்டுக்குப் போறார்! ஃபிளாஸ்க் இன்னும் ஃப்ரிட்ஜிலதானே இருக்கு? ஓடு, மட்டாட்டு ஸ்டாண்டுக்கு ஓடு!"

எதிரே நிறுத்தத்தில் இடென் மட்டாட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே மூன்றே பேர். பதினாலு பேர் சேராமல் நகராது. கண்டக்டர் டயர்மேல் காலை வைத்து எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

ஜெமேலி அதைப் பார்த்தாள். ப்ரோபாக்ஸ் போன பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பி, அலுவலகப் படிகளில் ஏறினாள். ஒவ்வொரு படியாக, அப்புறம் இரண்டிரண்டு படியாக.

நெகேசா கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்ககிட்ட கார் இருக்கா?"